ஆறாவது நிமிஷத்து இருமல்

— எடுத்துட்டேங்கக்கா. சுத்தமா எடுத்துட்டேன். இனிமே நீங்க காதை ஒட்டி வெச்சுக் கேட்டாலும் ஒரு சின்ன இருமல் கூட அதுல இருக்காது.

— எதை எடுத்துட்ட?

— இருமலைத்தாங்க. ஆறாவது நிமிஷத்துல வருதே, அதை. நான் கோவிலூர் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தப்ப நீங்க வந்து இந்த சிடியக் குடுத்துட்டுப் போனீங்களாமே. எங்கூட்டுக்காரி சீட்டுல குறிச்சு வெச்சிருந்தா. 'மொரப்பூர் ஜோஸ்பின் அக்கா, ஆறாவது நிமிஷம், இருமல், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.' அப்புறம் என்னத்துக்குங்க சந்தேகம்? கல்யாண வீடியோவுல எத்தன பேரோட இருமலை நான் தொடச்சு வுட்டிருக்கேன்.

— அடப் பாவி! ஃபிராங்க்ளினு, நீ நல்லா இருப்பியா? அந்த இருமலுக்காகத்தானேப்பா ரெண்டு பஸ்ஸு மாறி அரூருக்கு வந்திருக்கேன்!

— என்னங்கக்கா சொல்றீங்க?

— எனக்கு அந்தப் பாட்டு வேணாம்பா. இருமல்தான் வேணும். அது எங்கூட்டுக்காரரு இருமுனது.

— அல்போன்ஸ் அண்ணனா? இந்த சிடிலயா? இது வெள்ளக்காரங்க வாசிச்ச வயலினுங்கக்கா.

— வாசிச்சது வெள்ளக்காரன். இருமுனது எங்கூட்டுக்காரரு. அத அழிச்சுப்புட்டு வந்து நிக்கிறியே, நான் எங்க போவேன்…

— ஐயோ, அழுவாதீங்கக்கா. சொல்றதக் கேளுங்க. சிடி அப்படியேதான் இருக்குது. கம்ப்யூட்டர்ல ஏத்தி, அந்தக் காப்பியிலதான் தொடச்சேன். சிடில ஒரு கீறல் கெடையாது. சேசு சத்தியமா. உக்காருங்க மொதல்ல. அந்த ஒயரத் தள்ளிட்டு உக்காருங்க. இந்தாங்க, தண்ணி.

— நெஜமாத்தான் சொல்றியா?

— அதாவதுங்கக்கா, சிடிங்கிறது சிலேட்டு இல்ல, நெனச்சா அழிக்க. தோ பாருங்க, திரும்ப உள்ள போடறேன். அரூர்ல சிடி போடற கம்ப்யூட்டரே இப்ப ரெண்டோ மூணோதான் இருக்குது. எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் மட்டும் வுடாம வெச்சிருக்கேன். அது சரி, அண்ணன் எப்படிங்க இதுக்குள்ள போனாரு?

— எம்மவ இசபெல்லா ஜெர்மனில நர்ஸா இருக்கால்ல. போன வருசத்துக்கு முந்துன வருசம் இவரு அங்க போயிட்டு வந்தாரே, மூணு வாரம். அப்ப கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. அன்னிக்கு அங்கயே மைக் வெச்சு எடுத்தாங்களாம். அதத்தான் சிடியாப் போட்டு விக்கிறாங்க. அவுரு போய்ச் சேந்து அஞ்சு மாசம் கழிச்சு பார்சல்ல வருது இது. உள்ள ஒரு கடுதாசி. 'அப்பா இருமுனது ஆறாவது நிமிஷம் பன்னெண்டாவது செகண்டுல இருக்குது'ன்னு.

— அப்ப அட்டையில போட்டிருக்கற வெல சரிதான். ஏழு யூரோ.

— அது அதிகமா?

— ரொம்பக் கொறச்சலுங்க. ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்க முடியாது அந்தக் காசுக்கு. அதனாலதான் அண்ணன் தப்பிச்சாரு.

— என்னா தப்பிச்சாரு? மனுசனே போய்ட்டாரு.

— இல்லீங்கக்கா, சொல்ல வந்தது வேற. பெரிய கம்பெனியா இருந்தா கச்சேரி முடிஞ்சதும் ஜனத்தை வெளிய அனுப்பிட்டு, இருமல் வந்த எடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லி எடுத்து ஒட்டிடுவாங்க. அறுபது, எழுவது பேரு வாசிக்கிறாங்க இதுல. அத்தன பேரையும் இன்னொரு மணி நேரம் உக்கார வெக்கணும்னா சும்மாவா? இவங்க கொறஞ்ச வெலைக்கு விக்கணும்னு ஒரே தடவல எடுத்து அப்படியே போட்டுட்டாங்க. ஆனா மைக்கு மட்டும் முதல் தரம். ஒருத்தர் நாற்காலிய நவுத்தறது கேக்குது. வயலின்காரம்மா மூச்சு இழுக்கறது கேக்குது. காகிதம் திருப்புறது கேக்குது.

— அவுரு மூச்சும் கேக்குமா?

— தெரியலீங்க. பாத்துடலாம். ஏங்கக்கா, தப்பா நெனைக்காதீங்க, அண்ணன் குரல் வேற எதுலயும் இல்லீங்களா? போன்ல?

— போன்ல ஊரு ஒலகத்துக் குரல் எல்லாம் இருக்குதுப்பா. எங்கண்ணன் பேசறது இருக்குது, மாடு கத்துறது இருக்குது, பக்கத்து வூட்டுக் கொழந்த செபம் சொல்றது இருக்குது. அவுரு குரல் மட்டும் இல்ல. அவுருதானே போனப் புடிச்சிட்டு நிப்பாரு. படம் எடுக்கறப்ப வாயத் தொறக்க மாட்டாரு. மெசேஜ்னா காலைல ஒரு ரோசாப்பூ படம் அனுப்புவாரு. அவ்ளோதான்.

— உங்கள 'ஜோஸ்பின்'னு கூப்புட்டது கூடவா எதுலயும் இல்ல?

— பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தானே இருக்கும். முப்பத்தி நாலு வருசத்துல எம்பேர ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காரு. கோயில்ல, தாலி கட்டறதுக்கு முன்ன. 'ஜோஸ்பினாகிய உன்னை'ன்னு சாமியாரு சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னாரு. அதுவும் பாதிதான் வெளிய வந்துச்சு. எங்க பக்கத்துல பொண்டாட்டி பேரச் சொல்ற வழக்கமில்ல. அவுருக்கு அதுக்கு மேல கூச்சம்.

— எங்கப்பாவும் அப்படித்தாங்க. எங்கம்மாவ 'பாரு, பாரு'ம்பாரு. நான் அவங்க பேரே பார்வதியோன்னு ரொம்ப நாள் நெனச்சிருக்கேன். எங்கம்மா பேரு மேரி.

— சிரிக்க வெக்காத. போடு மொதல்ல.

— அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா? மொதல்ல இருந்து போடட்டுமா? ஆறு நிமிஷந்தான். அந்தப் பாட்டோட கேட்டீங்கன்னாத்தான்…

— எனக்கு எதுக்குடா அந்த அழுமூஞ்சிப் பாட்டு?

— எங்கூட்டுக்காரியும் இதக் கேட்டுட்டு ஓடியாந்தா, யாரு வூட்ல சாவுன்னு. நான் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒரு வாரமா தெனம் மத்தியானம் கடை ஷட்டர பாதி எறக்கிட்டு இதத்தான் கேக்கறேன். இருவது வருசமா சவுண்ட் சர்வீஸுங்கக்கா. என்னாத்தக் கேட்டிருக்கேன்? கூம்பு ஸ்பீக்கர்ல மாதா பாட்டு, எலெக்‌ஷன் கத்தல், சாவு அறிவிப்பு. கிறிஸ்துமஸுக்குக் கீபோர்டுல வயலின் சத்தம் வரும், அது தகரத்தத் தேய்க்கற மாதிரி இருக்கும். தோ அந்த மூலைல ரெண்டு பொட்டி இருக்குது பாருங்க, பலாப் பலகைல நானே செஞ்ச ஸ்பீக்கரு. என்னைக்காவது நல்லதா ஒண்ணு அதுல போட்டுக் கேக்கணும்னு செஞ்சது. பதினோரு வருசம் சும்மா கெடந்துச்சு. அது இதுக்காகத்தான் காத்திருந்திருக்குது.

— அதுக்குத்தான் அவசரமா அவுரு இருமலத் தொடச்சியா?

— நல்லாக் கேட்டீங்க. ஆமாங்க. அந்த எடத்துல அத்தன பேரும் வாசிக்கறத நிறுத்திடறாங்க. அந்தம்மா மட்டும் தனியா. வயலின் மெலிஞ்சு மெலிஞ்சு முடி கணக்கா ஆவுது. இருக்குதா போச்சான்னே தெரியாது. நம்மளும் மூச்ச நிறுத்திடுவோம். அப்ப வந்து ஒருத்தரு இருமுனா எப்படி இருக்கும்? எனக்குக் கோவமே வந்துச்சு. எவன்டா அதுன்னு திட்டுனேன். அண்ணன்னு தெரியாம திட்டிட்டேன், மன்னிச்சிருங்க.

— திட்டு, பரவால்ல. மவளே திட்டியிருக்கா.

— இசபெல்லாவா?

— காதுல, குசுகுசுன்னு, 'அப்பா, சும்மா இருப்பா'ன்னு. வாயில ஒரு மிட்டாயப் போட்டு அடக்கிட்டாளாம். கடுதாசில அவளே எழுதியிருக்கா. 'அன்னிக்கே அந்த இருமல நான் கவனிச்சிருக்கணும், மன்னிச்சிரும்மா'ன்னு. சொல்றன் கேளு ஃபிராங்க்ளினு. நாளைக்கு அவ ஃப்ளைட்டு ஏறுறா. சனிக்கெழம அவருக்கு வருசத் திருப்பலி. சொந்தக்காரங்க அத்தன பேரும் பந்தியில உக்காந்திருப்பாங்க. அப்ப உன் ஸ்பீக்கர்ல இந்த இருமலப் போடணும்.

— பந்தியிலயா? எதுக்குங்கக்கா?

— எல்லாரும் கேக்கட்டும். நர்ஸுன்னு பேரு. ஊரான் அப்பனையெல்லாம் தூக்கி உக்கார வெச்சு மருந்து குடுக்கறா. சொந்த அப்பன் பக்கத்துல உக்காந்து இருமுறான், மிட்டாய் குடுத்து அடக்கியிருக்கா. திரும்பி வந்து அஞ்சாம் மாசம் அவுருக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. தருமபுரி ஆஸ்பத்திரில டாக்டரு மொதல்ல கேட்டதே, 'இருமல் எப்ப இருந்து'ன்னுதான். நான் பதினஞ்சு நாளான்னேன். இல்லப்பா. அங்கயே ஆரம்பிச்சிருக்குது. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

— அக்கா, அது… பந்தியில வெச்சு அந்தப் பொண்ண…

— நீ போடறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?

— போடறேங்க. கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு, நீங்க இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?

— எதுல கேக்கறது? வூட்ல ஏது சிடி போடற மிசினு? அதான் ஒங்கிட்ட வந்தது.

— அப்ப மொதத் தடவ கேக்கப் போறீங்க.

— ம்.

— அடக்கத்துக்கு இசபெல்லா வந்திருந்துச்சே, அப்பக் கூட நீங்க ரெண்டு பேரும்…

— பேசல. அதுக்கு முன்னாலயும் பேசல. எங்கண்ணன் மவன் இனிகோவுக்கு அவளக் குடுக்கறதா அவ பொறந்தப்பவே பேச்சு. ஜெர்மனிக்குப் போறதுக்கு எனக்கும் சேத்துத்தான் விசா வந்துச்சு. பெட்டி கட்டியாச்சு. முறுக்கு கூட சுட்டு வெச்சிட்டேன். கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்ன போன் பண்றா, இனிகோவக் கட்ட மாட்டேன்னு. எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? நான் வரலைன்னுட்டேன். 'போறதுன்னா நீங்க போங்க, அங்கயே இருந்தாலும் இருந்துக்குங்க'ன்னு இவர்கிட்டச் சொன்னேன். அவுரு தனியாப் போனாரு.

— திரும்பி வந்து ஒண்ணும் சொல்லலீங்களா, அங்க இது பாத்தேன், அது பாத்தேன்னு?

— சொல்ல வருவாரு. 'அங்க ஒரு நாள்…'ன்னு ஆரம்பிப்பாரு. நான் மாட்டுக்குத் தண்ணி வெக்கணும்னு எழுந்து போயிடுவேன். மூணு தடவையோ நாலு தடவையோ ஆரம்பிச்சாரு. அப்புறம் வுட்டுட்டாரு. இப்ப நெனச்சுக்கறேன், அந்த மாட்டுக்கு அப்ப என்னா தண்ணி அவசரம்னு. என்னா சொல்ல வந்தாரோ, போ. போடுப்பா.

— இந்தாங்க, இந்த ஹெட்போன மாட்டிக்குங்க. இல்ல, வேணாம். பலாப் பொட்டியிலயே போடறேன். ஃபேன நிறுத்திடறேன். ஷட்டரக் கொஞ்சம் எறக்கட்டுமா? பஸ் ஸ்டாண்டு சத்தம் வருது.

— ம்.

— அஞ்சரை நிமிஷத்துல இருந்து வுடறேன். இப்ப எல்லாரும் சேந்து வாசிக்கறாங்க… கடைசி வரிசைல அந்தக் கொம்பு ஊதறாங்க பாருங்க… இப்ப கொறைக்கறாங்க… அடங்குது… அந்தம்மா மட்டும்.

— ஃபிராங்க்ளினு.

— சத்தம் பத்தலீங்களா?

— இல்ல. இது நெசமாவே நல்லாத்தான்டா இருக்குது.

— பேசாம கேளுங்க. இப்ப வரும். இப்ப.

— …

— வந்துச்சுங்களா? கேட்டுச்சா? அக்கா?

— இன்னொரு வாட்டி போடு.

— போடறேன். தோ… இப்ப. கேட்டுச்சுங்களா? எனக்கு ஒண்ணு தோணுதுங்க. எத்தனையோ பேரு இருமலத் தொடச்சவன் நானு, அதனால சொல்றேன். சளி இருமல்னா நெஞ்சுல இருந்து வரும், கடகடன்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அடக்குனாலும் அடங்காது. இது தொண்டையோட நிக்குது. கம்ப்யூட்டர்ல பாருங்க, கோடு எப்படி எழும்புதுன்னு. சின்னதா ரெண்டு, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் நீட்டி ஒண்ணு. அளந்து வெச்ச மாதிரி. அதுவும் வயலின் முடியற வரைக்கும் பொறுத்து, முடிஞ்ச ஒடனே. அக்கா? ஏங்க, என்னாச்சு? ஏன் எழுந்து நிக்கறீங்க?

— எழுந்துட்டனா?

— ஆமாங்க. பையக் கீழ போட்டுட்டீங்க.

— ரெண்டு, அப்புறம் நீட்டி ஒண்ணு.

— ஆமாங்க.

— அந்தச் சீக்கு இருமல் எனக்குத் தெரியும். பதினஞ்சு நாளு பக்கத்துலயே உக்காந்து கேட்டிருக்கேன். இது அது இல்ல.

— அப்ப அண்ணன் இல்லீங்களா?

— அவுருதான். வேற யாரு? இது இருமலே இல்ல ஃபிராங்க்ளினு. செருமல்.

— புரியலீங்க.

— பேரச் சொல்ல மாட்டாருன்னேன்ல. அப்புறம் எப்படிக் கூப்புடுவாருன்னு நீ கேக்கலியே. செருமுவாரு. சின்னதா ரெண்டு, நீட்டி ஒண்ணு. கொல்லையில இருந்து வந்து வாசல்ல நின்னு செருமுவாரு, நான் எங்க இருந்தாலும் 'தோ வந்துட்டேங்க'ன்னு ஓடுவேன். தண்ணி வேணும்னா அதுக்குன்னு செரும மாட்டாரு, அவரே மொண்டு குடிச்சுக்குவாரு. நல்லதா எதையாச்சும் பாத்தாருன்னாத்தான். வானத்துல வில்லு போட்டிருந்தா செருமுவாரு. கடலைக் கொல்லையில மயிலு குஞ்சோட போச்சுன்னா செருமுவாரு. மாடு கன்னு போட்டு அது எழுந்து நிக்கறப்ப செருமுவாரு. நான் போயி பக்கத்துல நின்னாப் போதும். 'பாரு'ன்னு கூடச் சொல்ல மாட்டாரு.

— அக்கா…

— அத்தன பெரிய மண்டபத்துல உக்காந்துகிட்டு, இத்தன தூரம் வந்துட்டோம்கிறதையே மறந்துட்டு, என்னக் கூப்புட்டிருக்காருடா மனுசன். சனங்க நடுவுல. மவ வாயில மிட்டாயப் போட்டிருக்கா.

— இந்தாங்க, மூஞ்சியத் தொடச்சுக்குங்க. துண்டு சுத்தமானதுதான்.

— அவளுக்குப் போன் போடு.

— இசபெல்லாவுக்கா?

— இந்தா, எம்போனு. நீ போடு. அவங்கப்பா அனுப்புன ரோசாப்பூ படம் வெச்சிருக்கற பேரு. ஸ்பீக்கர்லயே போடு.

— ரிங் போவுதுங்க. எடுத்துடுச்சு. இசபெல்லா, நான் அரூர் சவுண்ட் சர்வீஸ் ஃபிராங்க்ளினு பேசறேம்மா. உங்கம்மா பேசணுமாம்.

— அம்மாவா? அம்மாவுக்கு என்னாச்சு அண்ணா? நல்லா இருக்காங்கல்ல?

— நல்லாத்தான் இருக்கேன்.

— அம்மா! அம்மா, நீயாம்மா? பேசுறியாம்மா?

— பெட்டி கட்டிட்டியா?

— கட்டிட்டிருக்கேம்மா. அம்மா, சிடி… ஃபிராங்க்ளின் அண்ணன் கடையில கேட்டியாம்மா? கேட்டிருப்ப. நீ திட்டு, எவ்ளோ வேணும்னாலும் திட்டு. தெனம் நானே திட்டிக்கறேன். இங்க யாரு இருமுனாலும் எனக்கு அப்பா ஞாபகந்தான் வருது. நர்ஸா இருந்து என்னாத்துக்கும்மா? பக்கத்துலயே உக்காந்து கவனிக்காம வுட்டுட்டேம்மா.

— அழுவாத. நீ ஒண்ணும் வுடல. அது சீக்கு இல்லடி. செருமுறாரு உங்கப்பா. வாசல்ல நின்னு செருமுவாரே, ரெண்டு, நீட்டி ஒண்ணு. உனக்கு ஞாபகமில்ல?

— அம்மா, இரு. இரும்மா. அப்பா என் பக்கம் திரும்பி இருமலம்மா. அந்தப் பக்கம் திரும்புனாரு. எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு திரும்புறாருன்னு நெனச்சேன்.

— அந்தப் பக்கம் யாரு இருந்தா?

— யாரும் இல்லம்மா. சீட்டு காலி. உனக்கும் விசா வந்த ஒடனே மூணு டிக்கெட்டா எடுத்து வெச்சிருந்தேன். நீ வரல. அந்த சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடலாம்னு சொன்னேன், அப்பா வேணாம்னுட்டாரு. தன் துண்ட மடிச்சு அதுல போட்டு வெச்சாரு.

— துண்டா?

— பஸ்ஸுல எடம் புடிக்கற மாதிரிம்மா. எனக்கு வெக்கமாப் போச்சு. எடுப்பான்னேன். எடுக்கவே இல்ல. கச்சேரி முடியற வரைக்கும்.

— அக்கா, உக்காருங்க.

— வேணாம், நிக்கிறேன். இசபெல்லா, சொல்றன் கேளு. நேரா வூட்டுக்கு வா. சித்தப்பா வூட்ல தங்கறேன், ஓட்டல்ல தங்கறேன்னு சொன்னியாமே, அதெல்லாம் வேணாம். இனிகோ பேச்ச நான் எடுக்க மாட்டேன். அவனும் வேற எடம் பாத்துட்டான். நீ வந்து எங்கிட்ட உக்காந்து அந்த மூணு வாரமும் அவுரு என்னா பண்ணாரு, எங்க போனாரு, என்னா சாப்புட்டாருன்னு ஒண்ணு வுடாமச் சொல்லணும். நான் எழுந்து போவ மாட்டேன்.

— சொல்றேம்மா. எல்லாம் சொல்றேன்.

— வெச்சிடாத. அப்படியே இரு. ஃபிராங்க்ளினு, பந்திக்கு ஸ்பீக்கரு வேணாம்பா.

— சரிங்கக்கா.

— இப்ப இன்னொரு வாட்டி போடு. ஆறாவது நிமிஷத்துல இருந்து இல்ல. மொதல்ல இருந்து. அவுரு எவ்ளோ நேரம் பொறுத்து உக்காந்திருந்தாரோ, அவ்ளோ நேரமும் நானும் கேக்கணும். போன அந்தப் பொட்டிகிட்ட வெச்சிடு, அவளும் கேக்கட்டும்.

— போடறேங்க.

— …

— இப்ப அஞ்சு நிமிஷம் தாண்டுது. எல்லாரும் அடங்கறாங்க… அந்தம்மா மட்டும்… மெலிஞ்சுட்டே போவுது பாருங்க… முடியுது… இப்ப வரும். இப்ப.

— தோ, வந்துட்டேங்க.